வண்டியில் கத்தி வேண்டாம், ராத்திரியில் ரோந்து வேண்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராத்திரி நேரத்தில் பைக்கில் போகிறவர்கள் தற்காப்புக்கு ஆயுதம் வைத்துக்கொள்ள அரசு அனுமதிக்க வேண்டும் என்று புதுச்சேரி வாசகர் ஒருவர் போன வாரம் உங்கள் கடிதப் பகுதியில் எழுதியிருந்தார். அவருடைய பயம் நியாயமானது, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அவர் கேட்கிற தீர்வுதான் தப்பு. நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பல வருடமாக டூவீலர் பட்டறை நடத்துகிறேன். எங்கள் பக்கத்துப் பையன்கள் வண்டிக்குள் என்னென்ன வைத்துக்கொண்டு சுற்றுகிறார்கள் என்பது சீட்டைத் திறந்து வேலை பார்க்கிற எனக்குத் தெரியும்.

கடலூர் புதுச்சேரி சாலையில் ராத்திரி பத்து மணிக்கு மேல் யார் போகிறார்கள் என்று நின்று பாருங்கள். சிப்காட்டில் ஷிப்ட் முடித்தவர்கள், பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கம் பக்கம் இருக்கிற மருத்துவக் கல்லூரிகளில் டியூட்டி முடித்து ஸ்கூட்டியில் திரும்புகிற நர்ஸ் பிள்ளைகள், புதுச்சேரி ஓட்டல்களில் கடைசிப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள், விடிவதற்கு முன்பே துறைமுகத்துக்கு மீன் எடுக்கப் போகிற டிவிஎஸ் எக்ஸ்எல் வியாபாரிகள். இவர்களுக்குக் கார் கிடையாது, வேலை முடிகிற நேரத்துக்கு பஸ்ஸும் கிடையாது. இப்படிப் போகிறவர்களை மறித்து போனைப் பிடுங்குவதும், கழுத்தில் கத்தியை வைத்து ஜிபே ரகசிய எண்ணைக் கேட்பதும் நடக்கத்தான் செய்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் என் பட்டறை பெஞ்சில் உட்கார்ந்து சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

சில மாதத்துக்கு முன்னால் ஒரு பையன் பல்சர் வண்டியோடு வந்து, "அண்ணே, சீட்டுக்கு அடியில ஒரு கிளிப் வெல்டு வெச்சுக் குடுங்கண்ணே" என்றான். எதுக்கு தம்பி என்று கேட்டதும் கொண்டுவந்த பையிலிருந்து கத்தியை எடுத்துக் காட்டினான். ஓர் அடி நீளம் இருக்கும். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன், வேறு பட்டறையில் போய் கிளிப் வைத்துக்கொண்டான். அப்புறம் ஒருநாள் டெயில் லைட் எரியவில்லை என்று அதே வண்டி வந்தது. சீட்டைத் திறந்தால், கிளிப்பில் ஆடிக்கொண்டே வந்த கத்தியின் முனை பின்பக்கம் போகிற ஒயரைத் தேய்த்துத் தேய்த்து அறுத்திருக்கிறது, செம்புக் கம்பி வெளியே தெரிகிறது, பியூஸ் போய்விட்டது. எத்தனை ராத்திரி அந்தப் பிள்ளை பின்னால் வெளிச்சமே இல்லாமல் லாரிகளுக்கு முன்னால் ஓட்டிக்கொண்டு போனானோ, அவனுக்கே தெரியவில்லை.

ஒயரைச் சரி பண்ணிவிட்டு அவனை வண்டியில் உட்கார வைத்தேன். "இப்ப நான்தான் திருடன், கத்திய எடு பார்ப்போம்" என்றேன். பெரும்பாலான பைக்குகளில் இக்னிஷன் சாவியைப் போட்டுத்தான் சீட்டுப் பூட்டைத் திறக்க முடியும். அவன் இன்ஜினை அணைத்து, சாவியை உருவி, இறங்கி, குனிந்து பூட்டுத் துவாரத்தைத் தேடுவதற்குள் சாவி என் கைக்கு வந்துவிட்டது. சாவி போனால் வண்டி போச்சு. கத்தி உள்ளேயே இருக்கிறது.

சரி, சீட்டுக்கு அடியில் வேண்டாம், இடுப்பில் சொருகிக்கொள்கிறேன் என்பார்கள். பைக் ஓட்டுகிறவனுக்கு வலது கையில் ஆக்சிலேட்டரும் முன் பிரேக்கும், இடது கையில் கிளட்ச். ஓடுகிற வண்டியில் எந்தக் கையை எடுத்துக் கத்தியை உருவுவது? பின்னாலிருந்து உதைத்துத் தள்ளினால் முதலில் நாம்தான் தரையில் கிடப்போம், இடுப்பில் இருக்கிற கத்தி நம் வயிற்றையே கிழிக்கும். வருகிறவர்கள் இரண்டு மூன்று பேராக வருகிறார்கள், முன்கூட்டியே கையில் எடுத்து வைத்துக்கொண்டு வருகிறார்கள். நாம் அப்போதுதான் தேட ஆரம்பிப்போம்.

எல்லாவற்றையும் விட எனக்கு இதுதான் பெரிய கவலை. பைக்காரனைக் காப்பாற்றுவது ஓடிக்கொண்டிருக்கிற வண்டிதான். நிற்காமல், ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு, வெளிச்சமும் ஆளும் இருக்கிற பெட்ரோல் பங்க் வரைக்கும் போய்விட்டால் முக்கால்வாசி ஆபத்து விலகிவிடும். ஆனால் கைக்கெட்டும் இடத்தில் கத்தி இருக்கிறது என்ற நினைப்பு வந்துவிட்டால் ஓடத் தோன்றாது. ஒரு கை பார்த்துவிடலாம் என்று வண்டியை ஓரம் கட்டத் தோன்றும். இருபது வயதுப் பையனுக்கு நிச்சயமாகத் தோன்றும், கூட நண்பன் உட்கார்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

அந்த வாசகர் திருடனை மட்டும்தான் நினைத்து எழுதியிருக்கிறார். சனி, ஞாயிறு ராத்திரியில் புதுச்சேரி எல்லையில் இருக்கிற முள்ளோடை, கன்னியக்கோயில் பக்கம் வந்து பார்க்கச் சொல்லுங்கள். புதுச்சேரியில் சரக்கு விலை குறைவு என்பதால் நம் மாவட்டத்து ஆட்கள் எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு வண்டியை எடுக்கிறார்கள். கண்ணாடியில் கண்ணாடி உரசிவிட்டது, ஓவர்டேக் பண்ணும்போது முறைத்துப் பார்த்தான், ஹைபீம் போட்டான், இதற்கெல்லாம் நடுரோட்டில் சட்டையைப் பிடிக்கிறார்கள். இன்றைக்கு அது கெட்ட வார்த்தையோடும் கன்னத்தில் இரண்டு அறையோடும் முடிகிறது, மறுநாள் உடைந்த கண்ணாடியை மாட்ட என்னிடம் வருகிறார்கள். இரண்டு பேர் சீட்டுக்கு அடியிலும் கத்தி இருந்தால் ஒருவன் ஆஸ்பத்திரியிலும் ஒருவன் மத்தியச் சிறையிலும் கிடப்பான். இரண்டு பேருமே திருடர்கள் இல்லை, இரண்டு வீட்டிலும் அவன் சம்பளத்தை நம்பி ஆள் இருக்கிறது.

சட்டம் நம்மைக் கைவிட்டுவிடவில்லை. பட்டறைக்கு வண்டி விடுகிற வக்கீல் ஒருவரிடம் கேட்டேன், பொறுமையாகச் சொன்னார். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை உள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவைதான். உயிர் போய்விடும், கொடுங்காயம் ஆகிவிடும் என்ற நியாயமான பயத்தில் திருப்பித் தாக்கி எதிராளி செத்தே போனாலும் அது குற்றம் ஆகாது என்று 38-ஆம் பிரிவு சொல்கிறது. ஆக, மாட்டிக்கொண்டால் ஹெல்மெட்டைக் கழற்றி அடிக்கலாம், மண்ணை அள்ளிக் கண்ணில் வீசலாம், கையில் கிடைத்ததை எடுக்கலாம். ஆனால் தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது என்று 37-ஆம் பிரிவு கட்டிப் போடுகிறது, தற்காப்புக்குத்தான் செய்தேன் என்று கோர்ட்டில் காட்டுகிற பொறுப்பும் நம் தலையில்தான் விழும். திருடன் ஓட ஆரம்பித்த பிறகு துரத்திப் போய் முதுகில் வெட்டியவன் அதை எப்படிக் காட்டுவான்?

கத்திக்கும் சட்டம் உண்டு. ஆயுதச் சட்டம் 1959-ல் வந்தது, அதற்கான 2016-ஆம் வருட விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் இருக்கின்றன. மீன் நறுக்குகிற கத்தி, பண்ருட்டியில் பலாப்பழம் அறுக்கிற கத்தி, கதிர் அரிவாள் போல வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்றே செய்த கருவிகளுக்கு விலக்கு உண்டு, பட்டாக்கத்திக்குக் கிடையாது. உரிமம் இல்லாத துப்பாக்கி என்றால் குறைந்தது 2 வருடம் ஜெயில். நம் ஊர்ப் பையன்கள் பாதிப் பேர் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போகக் காத்திருப்பவர்கள், கோர்ட்டில் ஒரு கிரிமினல் வழக்கு நிலுவையில் நின்றால் பாஸ்போர்ட் எடுப்பதே சிக்கலாகிவிடும். அதுவும் நாம் இருப்பது எல்லையில். மதுபாட்டில் கடத்தலுக்காக செக்போஸ்டில் வண்டியை நிறுத்திச் சீட்டைத் திறக்கச் சொல்கிறார்கள். தேர்தல் வந்தால் இன்னும் கெடுபிடி, உரிமம் வைத்திருப்பவர்களையே துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள்.

அமெரிக்காவில் பைக் ஓட்டுகிறவர்கள் துப்பாக்கியோடு போகிறார்களே என்றும் அந்தப் புதுச்சேரி வாசகர் கேட்டிருந்தார். அங்கே பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துப் போகலாம் என்பது உண்மைதான். ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு, ஓர் ஊரில் செல்லுகிற உரிமம் பக்கத்து மாநிலத்தில் செல்லாமல் போகிறது, தெரியாமல் எல்லை தாண்டியவனும் மாட்டிக்கொள்கிறான். முள்ளோடையைத் தாண்டினால் வேறு அரசு, வேறு போலீஸ் என்று இருக்கிற நமக்கு அந்தக் குழப்பம் வேறு வேண்டுமா?

பெண் பிள்ளைகள் மிளகு ஸ்பிரே வைத்துக்கொள்கிறார்கள், அதற்கு உரிமம் தேவையில்லை, வைத்துக்கொள்ளட்டும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஓடுகிற வண்டியில் அடித்தால் எதிர்க்காற்றில் நம் கண்ணிலேயே திரும்பி விழும், நின்ற பிறகுதான் அது பயன்படும். வீண் சண்டையில் எடுத்தாலும் வழக்குதான். 2024-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதையும் ஆபத்தான ஆயுதம் என்றே சொல்லியிருக்கிறது.

மெக்கானிக் என்ற முறையில் நான் கெஞ்சிக் கேட்பது வேறு. ராத்திரி வேலைக்குப் போகிறவர்கள் கத்திக்குக் கொடுக்கிற காசில் கிளட்ச் கேபிளை மாற்றுங்கள். நூல் நூலாகப் பிரிந்து தொங்குகிற கேபிளோடு ஓட்டி, ஆளில்லாத இடத்தில் அது அறுந்து நிற்கிறவர்கள்தான் சுலபமாக மாட்டுகிறார்கள். பின் டயரில் பட்டன் தேய்ந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள், ரிசர்வ் விழுந்த பிறகு பங்க் தேடாதீர்கள், ஹெட்லைட் நேராக அடிக்கிறதா என்று பாருங்கள். இருட்டில் யாராவது கை காட்டினால் அங்கேயே நிற்காமல் கொஞ்சம் தள்ளி வெளிச்சத்துக்கு வந்து 112-க்கும் 108-க்கும் போன் செய்யுங்கள், உண்மையிலேயே அடிபட்டவராக இருந்தாலும் அதுதான் அவருக்கும் உதவி.

மீறி மாட்டிக்கொண்டால் கேட்டதைக் கொடுத்துவிடுங்கள். போன் போனால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் அந்த போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை முடக்கலாம், பணத்தை எடுத்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். வண்டியைக் கொடுக்கத்தான் மனசு வராது, தவணை பாக்கி இருக்கும், அது எனக்குப் புரிகிறது. ஐந்து வருட இன்சூரன்ஸ் இருக்கிறது என்று பல பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது தேர்ட் பார்ட்டிக்கு, அதாவது நம் வண்டியால் பாதிக்கப்படுகிற அடுத்தவர்களுக்கு மட்டும், திருட்டுக்கான பாலிசி பெரும்பாலும் முதல் வருடத்தோடு முடிந்துவிடும். அதை மறக்காமல் வருடா வருடம் புதுப்பித்து வைத்தால் வண்டிக்காக உயிரைப் பணயம் வைக்கத் தோன்றாது.

இவ்வளவும் செய்தாலும் மீதி அரசின் கையில்தான் இருக்கிறது. என் வாடிக்கையாளர் ஒருவரை எல்லைக்குப் பக்கத்தில் இரண்டு பேர் அடித்து போனைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். உதட்டில் ரத்தத்தோடு ஸ்டேஷனுக்குப் போனால், சம்பவம் நடந்த இடம் எங்கள் எல்லை இல்லை, அந்தப் பக்கம் போ என்றார்கள். அந்தப் பக்கம் போனால், போன் காணாமல் போனதாக எழுதிக் கொடு என்று சொல்லி புகார் வந்தது என்று மட்டும் காட்டுகிற ஒரு சிஎஸ்ஆர் ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள், வழக்குப் பதியவில்லை. அதற்கு அடுத்த வாரம்தான் அவரும் என்னிடம் கிளிப் வைக்க முடியுமா என்று கேட்டார். சூரியன் மறைந்ததற்கும் உதிப்பதற்கும் நடுவில் நெடுஞ்சாலையில் வழிப்பறி செய்தால் 14 வருடம் வரை தண்டனை கொடுக்கலாம் என்று அதே நியாய சன்ஹிதாவின் 309-ஆம் பிரிவில் இருக்கிறது. அவ்வளவு பெரிய குற்றத்தைக் காணாமல் போன போன் என்று எழுதினால் பிடுங்கியவனுக்கு என்ன பயம் இருக்கும்?

தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டு காவல்துறையும் சேர்ந்து ராத்திரி பத்து மணி முதல் விடியற்காலை நான்கு மணி வரை புதுச்சேரிப் பக்கத்துத் தவளக்குப்பத்துக்கும் கடலூர்ப் பக்கத்து ஆல்பேட்டைக்கும் நடுவில் ரோந்து வண்டியை விட வேண்டும், எல்லையில் திரும்பிவிடாமல் முழு தூரமும் அது போய்வர வேண்டும். சாலையில் விளக்கு இல்லாத இடங்களில் விளக்குப் போட வேண்டும். எந்த ஸ்டேஷனில் போய் நின்றாலும், நடந்த இடம் யாருடைய எல்லையில் இருந்தாலும், முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று குற்ற வழக்கு நடைமுறைக்கான புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு இப்போது சட்டமாகவே சொல்கிறது. அந்தப் பிரிவை இரண்டு பக்கத்து ஸ்டேஷன் வாசலிலும் தமிழில் பெரிதாக எழுதி மாட்டச் சொல்லி உங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு டூவீலர் மெக்கானிக்,
மஞ்சக்குப்பம், கடலூர்.