ஒரு பிடி மாவுக்கும் அதைத் தந்த கைகளுக்கும்

அன்பான உறவுகளுக்கு,

ஆண்டவரின் நாமத்தில் வணக்கம். மானிப்பாயிலிருந்து எழுதுகிறேன். இந்த நன்றி மடல் பிந்தியதற்கு முதலில் மன்னியுங்கள். என் கணவர் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கட்டும், அப்புறம் எழுதுவோம் என்று காத்திருந்தேன். போன சனிக்கிழமை தனியே கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் அள்ளி, குசினி வாசலில் கொண்டுவந்து வைத்தார். பாதி வழியில் சிந்திவிட்டது. நான் அந்த வாளியைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவர் மேசன். ஒக்டோபரில் மாடி வீட்டு வேலை ஒன்றில் ஏறி நின்ற பலகை முறிந்து விழுந்தார். வலது தொடை எலும்பு முறிந்தது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்து கம்பி வைத்தார்கள். அரசாங்க ஆசுபத்திரி, சிகிச்சைக்கு ஒரு சதமும் கேட்கவில்லை. அந்த வைத்தியர்களுக்கும், இரவில் அவர் வலியில் முனகும்போதெல்லாம் ஓடி வந்த தாதிமாருக்கும் என் முதல் நன்றி.

ஆனால் மேசன் வேலை நாட்கூலி. போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. என் தையலில் வருவது மூன்று பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவோடு முடிந்துவிடும். மாரி மழையும் தொடங்கிவிட்டது. நவம்பர் நடுப்பகுதியில் வீட்டில் அரிசி முடிந்தது.

"எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று கதைக்கத் தொடங்கிய வயதிலிருந்து ஜெபிக்கிறேன். அதில் 'இன்று' என்று ஒரு சொல் இருப்பதை நான் கவனித்ததே இல்லை. அந்த நாட்களில் நான் உண்மையில் கேட்டது, நாலு மாதத்துக்குப் போதுமானதை ஒரேயடியாய்த் தாரும் என்றுதான். வெளியே ஒருவருக்கும் சொல்லவில்லை. போதகர் ஐயா வந்து விசாரித்தபோதுகூட "கர்த்தர் நடத்துகிறார் ஐயா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தேவனிடம் மட்டும் சொல்வதுதான் விசுவாசம் என்று நினைத்திருந்தேன். அது விசுவாசம் இல்லை, மானம் போய்விடும் என்ற பயம். இதை இப்போது எல்லோருக்கும் முன்னால் ஒத்துக்கொள்கிறேன்.

அதை உடைத்தது பக்கத்து வீட்டு ஆச்சி. மருதடிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் வாயில் தண்ணீர் வைக்காத மனுசி. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஏன் பிள்ளை, உங்கடை குசினியிலை ரண்டு நாளாப் புகையைக் காணேல்லை?" என்று கேட்டா. எனக்குப் பதில் வரவில்லை, அழுகைதான் வந்தது. அரை மணித்தியாலத்தில் பிட்டு அவிக்கும் ஓலை நீத்துப்பெட்டி நிறையப் பிட்டும் முருங்கையிலை வறையும் வந்தன. பிட்டு இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. கடைக்குட்டி ஊதி ஊதிச் சாப்பிட்டான்.

அன்றிரவு வேதத்தில் எலியா தீர்க்கதரிசியின் கதையைத் திரும்ப வாசித்தேன். காகங்கள் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்த பகுதியைத்தான் எங்களுக்கு ஞாயிறு பாடசாலையில் சொல்லித் தருவார்கள். அதற்குப் பிறகு அவர் தண்ணீர் குடித்த ஆறு வற்றிப்போகிறது. தேவன் அவரைச் சீதோன் தேசத்துச் சாறிபாத்துக்கு அனுப்புகிறார். அங்கே ஒரு விதவையிடம் எலியா வாய் திறந்து தண்ணீர் கேட்கிறார், அப்புறம் அப்பம் கேட்கிறார். இஸ்ரவேலைச் சேராத அந்தப் பெண்ணிடம் இருந்ததோ ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும். தீர்க்கதரிசிக்கே கேட்க வேண்டியிருந்தது என்றால் நான் யார்? அடுத்த நாள் போதகர் ஐயாவுக்குப் போன் எடுத்து உள்ளதைச் சொன்னேன்.

அதன் பிறகு நடந்ததை நீங்கள்தான் நடத்தினீர்கள். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஒருவர் பெயரும் எழுதவில்லை. சந்திக் கடை அண்ணை, மூன்று மாதம் எங்கள் கடன் கொப்பியை ஒருநாளும் முகம் சுளிக்காமல் திறந்தீர்கள். சபை வாலிபர் தம்பிமார், மழையில் நனைந்து வந்து கூரை ஒழுக்கை அடைத்தீர்கள். கிளினிக் நாட்களில் அவரை ஏற்றி இறக்கிய ஓட்டோ அண்ணை, பெற்றோல் காசைத் தவிர ஒன்றும் வாங்கவில்லை. மூத்தவளின் ரியூசன் ரீச்சர், அவளைக் கூச்சப்படவிடாமல் முன்வாங்கிலேயே இருத்திப் படிப்பித்தீர்கள். கனடாவிலிருந்து அனுப்பிய மச்சாள், அந்தக் காசு வந்தது மின்சாரம் வெட்டுவார்கள் என்று பயந்திருந்த நாளில்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு முறையாவது ஒரு மாதத்துக்குரியது சேர்ந்து வரவில்லை. ஒருநாள் இரண்டு கிலோ அரிசி, ஒருநாள் ஒரு சீப்பு வாழைப்பழம், ஒருநாள் தைக்கச் சொல்லி நாலு பாடசாலைச் சட்டை. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் தந்த மன்னா என்ற ஆகாரமும் அன்றன்றைக்கு ஆளுக்கொரு ஓமர் அளவுதான் விழுந்தது, காலைக்கு மீதி வைத்தால் புழுத்தது. நானும் பயத்தில் ஒரு பொதி அரிசிமாவை யாருக்கும் தெரியாமல் பெட்டியடியில் வைத்தேன். மாரி ஈரத்தில் வண்டு பிடித்துப்போனது. அன்றைக்குக் கொடுக்கப்பட்டதை அன்றைக்கே சமைக்க அதிலிருந்து பழகினேன்.

அம்மம்மா உலை வைக்கமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துச் சபைக்கென்று ஒரு மண்முட்டியில் போடுவா. பிடியரிசி. 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் வலிகாமம் பகுதிச் சனமே இடம்பெயர்ந்து மழையில் நாவற்குழிப் பக்கம் நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. அந்த முட்டியை அவ சேலைத் துண்டால் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தா. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் முதல் மூன்று நாளும் நாங்களும் பக்கத்தில் கிடந்த இரண்டு குடும்பங்களும் கஞ்சி குடித்தது அந்த அரிசியில்தான். ஆண்டவருக்கென்று வைத்ததை ஆண்டவர் எங்களுக்கே திருப்பித் தந்தார் என்று சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தா. நான் அதை ஒரு பழைய கதையாகவே கேட்டு வளர்ந்தேன். இந்த மாரியில் நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் உலையிலிருந்து எடுத்த பிடியைத்தான் நாங்கள் சாப்பிட்டோம்.

கடைக் கொப்பியில் இன்னும் 6,400 ரூபா இருக்கிறது அண்ணை. பாடசாலைச் சட்டைக் காசு வந்ததும் கொண்டுவருவேன். ஆச்சி, நீத்துப்பெட்டியைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன், வெறுமையாகத் தர மனமில்லை, ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது கையோடு கொண்டுவருகிறேன். புதிய மண்முட்டி ஒன்று வாங்கி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இன்று காலை முதல் பிடியை மூத்தவள் போட்டாள்.

கண்ணீரோடும் நன்றியோடும்,
மானிப்பாயிலிருந்து உங்கள் சகோதரி