கடற்புல் செல்லுக்கு ஐஸ் பெட்டி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்டி, காரங்காடு, மண்டபம், பாம்பன் பக்கமிருந்து கடற்புல்லையும் அலையாத்தி இலையையும் எடுத்துக்கொண்டு, எலக்ட்ரான் நுண்ணோக்கி உள்ள ஊர்களுக்கு மாணவர்கள் போகிறார்கள். செல்லின் படம் கிழிந்தும் கலங்கியும் வந்தால் கருவியைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் அந்த இலை பேருந்து ஏறுவதற்கு முன்பே கெட்டுப்போயிருக்கும்.

மீனைக் கொண்டுபோவதுபோலவே இலையையும் பாலித்தீன் பையில் போட்டு ஐஸில் வைத்துவிடுகிறார்கள். மீன் சதைக்கு அது போதும், செல்லின் உள்ளமைப்புக்குப் போதாது. பைக்குள் கசியும் ஐஸ் தண்ணீர் நன்னீர். கடலில் வாழ்ந்த செல்லுக்குள் அது புகுந்து செல்லை உப்பவைக்கும். செல்லின் நுண்குழல்கள் குளிரிலேயே பிரிந்து மறைந்துவிடும். பறித்த இலையில் செல் தன்னைத் தானே செரிக்கவும் தொடங்கிவிடும். ஃபார்மலினில் போடுவதும் சரியல்ல. கடையில் கிடைக்கும் ஃபார்மலினில் பத்து சதவீதத்துக்கு மேல் மெத்தனால் கலந்திருக்கும், அது சவ்வுகளைக் குலைக்கும். கரையொதுங்கிய புல்லைப் பொறுக்கி வருவதோ முற்றிலும் வீண்.

செய்ய வேண்டியது, வேரோடு நிற்கும் செடியிலிருந்து இலையை எடுத்து அங்கேயே, சில நிமிடங்களுக்குள், குளூட்டரால்டிஹைடில் போடுவதுதான். புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, செல்லை உயிரோடிருந்த நிலையிலேயே நிறுத்துவது அது. 1963 முதல் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு இதைத்தான் முதல் மருந்தாகப் பயன்படுத்துகிறார்கள். 0.2 மோலார் சோடியம் கக்கோடைலேட் பஃபர் (அமில காரச் சமநிலையை மாறாமல் காக்கும் கரைசல்) 50 மி.லி., 25 சதவீத குளூட்டரால்டிஹைடு 10 மி.லி. இரண்டையும் கலந்து, காய்ச்சி வடித்த நீரால் 100 மி.லி. ஆக்கினால் 2.5 சதவீதக் கரைசல் கிடைக்கும். அமில காரச் சமநிலை (pH) 7.2 இருக்கட்டும். குளூட்டரால்டிஹைடு எலக்ட்ரான் நுண்ணோக்கித் தரத்தில், மூடி உருக்கிய கண்ணாடிக் குப்பியில் வருவதாக இருக்க வேண்டும். மஞ்சளித்துப் போனதை ஒதுக்கிவிடுங்கள். மருத்துவமனையில் கருவிகளை ஊறவைக்கும் கரைசல் இதற்கு உதவாது.

இதோடு நிறுத்தினால் கடல் தாவரத்துக்கு ஆகாது. இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். பாடநூலில் உள்ள அளவு நிலத்துச் செடிக்கானது. மேலே சொன்ன கலவையில் பஃபர் 0.1 மோலாராகிவிடும். அதன் சவ்வூடு அடர்த்தி (கரைந்த பொருள்களால் தண்ணீரை இழுக்கும் வலிமை) ஏறக்குறைய 200 மில்லி ஆஸ்மோல், கடல்நீருக்கோ 1000. அந்த இடைவெளியை நிரப்ப, 100 மி.லி. கரைசலுக்குச் சுமார் இரண்டேகால் கிராம் சோடியம் குளோரைடு சேர்க்க வேண்டும். அலையாத்திக்கும் இதைக் குறைக்கக் கூடாது. உப்புநீரிலிருந்து தண்ணீரை இழுக்கும் மரத்தின் இலைச்சாறு அந்த நீரைவிடச் செறிவானதாகத்தான் இருக்கும். உப்பு கூடிப்போனால் செல் சுருங்கி, சவ்வு சுவரை விட்டுப் பிரியும். கடற்புல்லில் இந்தச் சேதம் இன்னும் மோசம். அதன் மேல்தோல் செல்களில் சுவர் உள்நோக்கி மடிமடியாக வளர்ந்திருக்கும், சவ்வு அந்த மடிப்புகளை ஒட்டியே ஓடும். பார்க்க வேண்டிய இடமே கிழிந்துபோனால் பிறகு எதைப் பார்ப்பது? வடகடலில் (பாக் விரிகுடாவில்) ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் உப்பு குறையும், கோடையில் ஏறும். ஆகவே எடுக்கும் அன்றைக்கே உப்புமானியில் பார்த்து அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். செலவு மிச்சம் என்று பாஸ்பேட் பஃபரைக் கடல்நீரோடு கலக்காதீர்கள். கால்சியமும் மக்னீசியமும் பாஸ்பேட்டோடு சேர்ந்து வண்டலாகிப் படத்தில் கருந்துகள்களாகத் தெரியும்.

வெட்டும்போது எண்ணெய் துடைத்த புது பிளேடு வேண்டும். கரைசல் துளிக்குள்ளேயே வைத்து, ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் நறுக்குங்கள். குளூட்டரால்டிஹைடு மெதுவாகத்தான் உள்ளே போகும், பெரிய துண்டின் நடுப்பகுதி அதற்குள் அழுகிவிடும். கடற்புல் இலைக்குள் காற்றறைகள் உண்டு என்பதால் துண்டுகள் மிதக்கும். மிதக்கும் துண்டுக்குள் கரைசல் ஏறாது. ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சில் துண்டுகளையும் கரைசலையும் எடுத்து, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, கையுறையணிந்த விரலால் முனையை அடைத்துக்கொண்டு சிரிஞ்சின் உந்துதண்டைப் பின்னுக்கு இழுத்துப் பிடியுங்கள். குமிழி வரும். நாலைந்து முறை இழுத்து விட்டால் துண்டு அடியில் அமரும். அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரம் வைத்த பிறகு, இறுக மூடிய குப்பியை ஐஸ் பெட்டிக்குள் வைக்கலாம். துண்டுகள் உறையக் கூடாது.

மற்றவை ஆய்வகத்தில் நடப்பவை: சவ்வுகளை நிலைநிறுத்த ஒரு சதவீத ஆஸ்மியம் டெட்ராக்சைடு, நீரை அகற்ற 30 சதவீதத்திலிருந்து படிப்படியாக ஏறும் ஆல்கஹால், துண்டைச் சீவுமளவுக்கு இறுக்க ஸ்பர் பிசின், 60 முதல் 80 நானோமீட்டர் சீவல். மூன்றை மட்டும் நினைவில் வையுங்கள். கழுவும் பஃபரிலும், ஆஸ்மியம் முடியும்வரை, அதே உப்பு இருக்க வேண்டும். செல்சுவர் தடிப்பானது என்பதால், பிசின் ஏற இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும். நம் கடற்கரை ஈரக்காற்றில் திறந்து வைத்த 100 சதவீத ஆல்கஹால் நீரை உறிஞ்சிவிடும். அந்த நீர் துண்டுக்குள் தங்கினால் பிசின் சரியாக இறுகாது, சீவலில் ஓட்டை விழும்.

கக்கோடைலேட்டில் ஆர்சனிக் இருக்கிறது. கையுறை கட்டாயம். மிஞ்சிய கரைசலில் ஒரு சொட்டுகூடக் கடலில் விழக் கூடாது, பாட்டிலில் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஆஸ்மியத்தின் ஆவி கண்ணைக் கெடுக்கும். அதைக் கரைக்குக் கொண்டுவரவே வேண்டாம், ஆய்வகத்தின் ஆவியுறிஞ்சிப் பெட்டிக்குள் (fume hood) மட்டும் திறக்க வேண்டும்.

கடலோரக் கல்லூரிகளின் தாவரவியல் துறைகள் இந்தப் பொருள்களை ஒரே பெட்டியில் தயாராக வைத்திருக்க வேண்டுகிறோம். சோதனை செய்து தரும் மையங்கள், பறித்த நேரம், கரைசலில் இட்ட நேரம், நீரின் உப்பு ஆகிய மூன்றையும் தங்கள் படிவத்தில் கேட்கட்டும். செய்முறையைத் தமிழில் ஒரு பக்கமாக அச்சிட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே இலையில் கைவைக்கக் கூடாது என்பதும் அந்தப் பக்கத்தில் இருக்கட்டும். குப்பிக்குள் போடும் சீட்டைப் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துபோகும்.

இப்படிக்கு,
கடல் தாவர ஆய்வகப் பணியாளர்கள் சிலர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.