ஞாயிற்றுக்கிழமையும் அழைக்கும் வாடிக்கையாளர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கீழக்கரையில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கணக்கெழுதி வருகிறேன். சவுதி அரேபியாவில் 2013 முதல் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. லண்டனிலோ சனியும் ஞாயிறும் என்பதால், இரு தரப்புக்கும் உழைப்பவர் தாமே வரம்பு வகுக்காவிட்டால் ஓய்வுநாளே மிஞ்சாது. ஒரு ஞாயிறன்று பகல் ஒரு மணிக்கு, பிசைந்த மீன்குழம்புச் சோறு கையில் இருக்கும்போது ரியாத்திலிருந்து அழைப்பு. அங்கே காலை பத்தரை, அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. (மீன்பிடித் தடைக்காலம் என்று கடலுக்கே ஆண்டுக்கு 61 நாள் ஓய்வளிக்கும் கரை இது!) இப்போது ஒப்பந்தத்திலேயே, திங்கள் முதல் வெள்ளி வரை பகல் 12 முதல் இரவு 8 மணி வரை என எழுதிவிடுகிறேன், குளிர்காலத்தில் லண்டன் அலுவலகம் திறக்கும் 9 மணி நமக்குப் பகல் 2.30 என்பதால் அதுவும் அடங்கிவிடுகிறது. வார இறுதி வேலைக்கு ஒன்றரை மடங்கு கட்டணம் என்று சேர்த்ததும், அவசரங்கள் பெரும்பாலும் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போயின.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கீழக்கரை