சாரலா, வெயிலா?

செங்கோட்டை,
ஆனி மாதம்.

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்கு முழங்கால் வீக்கம் வடிந்ததும், பேத்தி "ஆயா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டதும் படிக்கப் படிக்க சந்தோஷமாக இருந்தது. இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சாரல் இறங்கிவிட்டது. குற்றாலம் ரோட்டில் வண்டி நிறுத்த இடமில்லை.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். குடியாத்தத்துக் கத்திரி வெயில் இனித் தாங்காது, மேகம் கவிந்த ஊராகப் பார்த்துக் குடிபோகலாம் என்கிறாய். செங்கோட்டையா, மலை தாண்டிக் கேரளத்துப் புனலூரா, உங்களுக்குப் பக்கத்திலேயே ஆந்திரத்துப் பலமனேரா என்று மூன்று பெயரும் எழுதியிருக்கிறாய். வெயிலா மேகமா என்று என்னைக் கேட்டால் மேகம்தான். ஆனாலும் ஊர் தேடுகிறவர்கள் வானத்துக்கு முன்னால் காற்றைப் பார்க்க வேண்டும். மேகமும் காற்றும் சேர்ந்து வரும் இடம் சுகம். மேகம் வந்து காற்று நின்றுபோனால் சுவரிலிருந்து சுக்கு வரை எல்லாம் பூசணம் பூக்கும். வெயில் கொளுத்தினாலும் காற்று உலர்ந்திருந்தால் சமாளிக்க வழி உண்டு. வெயிலும் ஈரமும் கூடிக்கொண்டால்தான் கஷ்டம்.

ஆடியில் ஒரு நாள் செங்கோட்டையில் கொல்லம் போகும் ரயில் ஏறி, புனலூர் வரை போய்த் திரும்புங்கள். சுமார் 50 கிலோமீட்டர்தான். பகவதிபுரம் தாண்டி, குகைக்குள் போய் ஆரியங்காவில் வெளியே வரும்போதே மழை வேறு மழையாகிவிடும். அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் முட்டி மேலே ஏறி, குளிர்ந்து, பெரும்பகுதியை அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டி இறங்கும் காற்று 100 மீட்டருக்கு ஏறத்தாழ 1 டிகிரி சூடேறுவதால் மேகம் கரைகிறது. மற்ற இடங்களில் மலை மதில் மாதிரி நிற்கிறது. ஆரியங்காவுக் கணவாயில் தாழ்ந்து வழிவிடுவதால், மிச்ச மேகம் காற்றோடு நம் பக்கம் பாய்கிறது. சாரல் என்பது அதுதான். பொடித் தூறலாகக் கொஞ்ச நேரம் நனைக்கும், பிறகு வெளிச்சம் வரும், மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று மட்டும் ஓயாது. அந்தக் காற்று கிழக்கே போகப் போக உலர்ந்துவிடும். தென்காசியிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே சுந்தரபாண்டியபுரத்தில் அதே ஆடியில் சூரியகாந்தி பூத்து நிற்கும். இன்னும் கிழக்கே சங்கரன்கோவிலில் புழுதி பறக்கும்.

அதனால் "செங்கோட்டைப் பக்கம்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. புளியரையும் மேக்கரையும் மலையடி, பார்க்கக் கண்கொள்ளாது, ஆனால் வீடு காயவே காயாது. இலஞ்சி, ஆய்க்குடி பக்கம் சாரலும் எட்டும், நடுநடுவே வெயிலும் விழும். உங்கள் வயதுக்கும் அண்ணனுக்கு வரும் மூச்சு இழுப்புக்கும் அந்தப் பக்கம்தான் சரி.

புனலூரை விட்டுவிடு. கேரளத்தின் ஆண்டு மழை சராசரியாக 3000 மில்லிமீட்டரை ஒட்டியது, தமிழ்நாட்டுக்கு 900 சொச்சம். அவ்வளவு மழை பெய்யும் நாட்டில் மாசி, பங்குனியில் மிகச் சூடாகும் ஊர்களில் புனலூரும் ஒன்று. அந்தச் சூடு ஈரத்தோடு வரும். ஏர்கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர்விக்கிறது, அதன் கணக்கைப் பார்த்தால் இது புரியும். உங்கள் ஊரில் மே மாத மதியம் 42 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 20 சதவீதம் என்றால், நல்ல கூலர் 28 டிகிரி வரை காற்றைக் குளிர்விக்கும். 34 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள இடத்தில் அதே கூலர் 30-க்குக் கீழே இறக்காது, அறையில் கசகசப்பைத்தான் கூட்டும். வியர்வைக்கும் இதே விதிதான். உடம்பில் வியர்வை ஆறாத இடத்தில் 34 டிகிரிகூட 42-ஐவிட மோசம்.

பலமனேரை நீ ஏனோ கடைசியில் எழுதியிருக்கிறாய். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீட்டர் உயரம் அது. உங்கள் ஊரைவிட 400 மீட்டர் போல மேலே. அந்த உயரத்துக்கு இரண்டரை டிகிரியாவது குறையும். வானம் தெளிவாக இருப்பதால் ராத்திரி சீக்கிரம் ஆறும். மேகமூட்டம் பகலில் வெயிலைத் தடுக்கும், ராத்திரியிலோ தரையிலிருந்து மேலே போகும் சூட்டையும் போகவிடாது. மேக ஊரில் பகல் இதம், இரவு பெரிதாகக் குளிராது. தெளிந்த வானமுள்ள மேட்டுநில ஊரில் பகல் காய்ந்தாலும் விடியலில் போர்வை தேடுவாய். தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் சந்தை, பிள்ளைகள் வந்துபோகும் தூரம், இதெல்லாம் உனக்குப் பழக்கம். தண்ணீரை மட்டும் விசாரி. அந்தப் பக்கம் போர் ஆழமாகப் போட வேண்டியிருக்கும். கோடையில் பக்கத்து வீட்டு போரில் எத்தனை மணி நேரம் தண்ணீர் வருகிறது என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதே.

எங்கே போவதானாலும், முதலில் இப்போது இருக்கும் மாடிக்கு வெள்ளை அடித்துப் பார். நீ படும் பாட்டில் பாதி வெயிலால் வருகிறது, பாதி மொட்டைமாடித் தளத்தால் வருகிறது. காரைத் தளம் பகலெல்லாம் வெயில் குடித்து ராத்திரி பத்து மணிக்கும் கட்டில்மேல் கக்குகிறது. சுண்ணாம்பில் பசை கலந்து இரண்டு கோட், அல்லது கடையில் விற்கும் கூல்ரூஃப் பெயின்ட். தளத்தை நன்றாகக் கழுவிக் காயவிட்டு, தை, மாசியில் அடிக்க வேண்டும். மழையில் கரையும், பாசி படியும், அதனால் சுண்ணாம்பை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். மேற்குச் சுவருக்கு வெளியே பந்தல் போட்டு அவரையோ பாகலோ ஏற்றிவிட்டால் மாலைச் சூடு உள்ளே வராது. ஒரு கோடை இப்படிக் கழித்த பிறகும் தாங்கவில்லை என்றால் அப்போது ஊர் மாறுவதைப் பற்றிப் பேசலாம்.

சாரல் ஊரில் வீடு பார்ப்பது தனி வித்தை. இங்கே மழை மேலிருந்து விழுவதைவிட, காற்றோடு குறுக்கே வந்து மேற்கு, தென்மேற்குச் சுவரில்தான் அறையும். இரண்டடி சன்ஷேடு பற்றாது, மூன்றடி வேண்டும். அதன் அடிப்பக்கம் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, நீளவாட்டில் அரை அங்குலக் குழிவு இருக்கிறதா என்று கைவிட்டுத் தடவிப் பார். அந்தக் குழிவு இல்லாவிட்டால் தண்ணீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து ஜன்னல் சட்டத்துக்குள் போகும். அடுத்தது கைப்பிடிச் சுவர். அதன் தலையில் விழும் விரிசலும், அது தளத்தோடு சேரும் மூலையும்தான் பெரும்பாலான ஒழுகலுக்குக் காரணம். அந்த மூலையில் சிமென்டைச் சாய்வாக இழைத்திருக்க வேண்டும். மேல்விளிம்பு உள்பக்கம் சரிந்திருக்க வேண்டும். ஓட்டு வீடு என்றால் இவ்வளவு கவலை இல்லை. ஆனால் ஓடு நகர்ந்திருக்கிறதா என்று வைகாசியிலேயே ஆள் ஏற்றிப் பார்த்துவிட வேண்டும், சாரல் தொடங்கிய பிறகு பாசி வழுக்கும்.

உள்ளே ஒரே ஒரு சுவர் மட்டும் புதுப் பெயின்டாக இருந்தால் அதில் ஈரம் இருக்கிறது என்று எடுத்துக்கொள். பீரோவைத் தள்ளச் சொல்லிப் பின்னால் பார். குடிவந்த பிறகும் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நான்கு விரற்கடை விட வேண்டும். பட்டுச்சேலைக்கு நடுவே அந்துருண்டை போட்டால் பூச்சி வராது, ஈரம் போகாது. ஈரத்துக்கு சிலிகா ஜெல் பை வைத்து, நிறம் மாறியதும் சூடுகாட்டித் திரும்ப வைக்க வேண்டும். வீட்டுக்குள் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூசணம் உறுதி. அண்ணனின் இழுப்பைத் தூண்டுவதில் பூசணத்துக்கும் தூசிப் பூச்சிக்கும் பங்கு உண்டு, தூசிப் பூச்சி பெருகுவதும் ஈரத்தில்தான். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி கடையில் கிடைக்கும். வீடு பார்க்க வரும்போது கையில் கொண்டு வா.

துணியை உள்ளே உலர்த்தினால் ஒரு வாளித் துணியிலிருந்து இரண்டு லிட்டர் தண்ணீராவது அறைக் காற்றில் சேரும். அதனால் மேற்கும் கிழக்கும் திறந்த தாழ்வாரம் இல்லாத வீடு சாரல் ஊருக்கு ஆகாது. மிளகாய், மல்லி, வடகம் எல்லாம் மாசி முதல் சித்திரைக்குள் காய்ந்து டப்பாவுக்குள் போய்விட வேண்டும். சாம்பார் பொடியை வருஷத்துக்கு அரைத்து வைக்கும் உன் வழக்கம் இங்கே நடக்காது, மாதாமாதம்தான் அரைக்க வேண்டும்.

அண்ணன் தோப்பு வாங்கிக் கொப்பரை போடலாம் என்கிறார் அல்லவா? தேங்காய்ப் பருப்பில் பாதிக்குப் பாதி தண்ணீர். அதை 6 சதவீதத்துக்கு இறக்கினால்தான் கொப்பரை கெடாது. நல்ல வெயிலில் ஒரு வாரம் பிடிக்கும். சாரலில் இரண்டாம் நாளே பூசணம் ஏறி எண்ணெய் கசந்துவிடும். ஆனி, ஆடியில் பச்சைக் காயாகவே விற்றுவிட்டு, தை முதல் பங்குனி வரை கொப்பரை போடச் சொல். ஆண்டு முழுக்கப் போட வேண்டுமென்றால் விறகோ சிரட்டையோ எரிக்கும் உலர்கலம் கட்ட வேண்டும், அது தனிச் செலவு.

சோலாரில் உங்கள் ஊருக்குத்தான் யோகம், நினைக்கிற அளவுக்கு இல்லாவிட்டாலும். 1 கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட் சராசரி. சாரல் நாளில் அது மூன்றில் ஒன்றாகும், கனத்த மேகத்தில் இன்னும் கீழே. ஆனால் தகடு 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் போல உற்பத்தி குறையும். உங்கள் மே மாதத்தில் தகடு 65 டிகிரி தொட்டால் 16 சதவீதம் அங்கேயே போய்விடும். தளத்திலிருந்து அரையடியாவது தூக்கிக் காற்றோடும்படி வைக்கச் சொல்.

உனக்கு மேகமூட்டம் மனசை அமுக்குமா என்பதுதான் எனக்குக் கவலை. சிலருக்கு அமுக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உச்சி வெயில் 1,00,000 லக்ஸ் வெளிச்சம். மூடிய வானத்தின் கீழும் வெளியே 10,000 லக்ஸ் இருக்கும். டியூப்லைட் போட்ட அறைக்குள் 200, 300தான். மப்பான நாளில் வீட்டுக்குள் அடைந்து கிடப்பவர்கள்தான் வாடிப்போகிறார்கள். காலையில் அரைமணி திண்ணையில் உட்கார்ந்தால் நிறைய வித்தியாசம் தெரியும். விட்டமின் டி-க்கு வெயில் நேராக மேலே பட வேண்டும், கண்ணாடி ஜன்னல் வழியாக வருவது உதவாது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், தெற்கு திறந்த வாசலுள்ள வீடாகப் பார்த்தால் முழங்காலுக்கு இளவெயில் கிடைக்கும்.

ஆடியில் வந்து சாரலில் மயங்கி விலை பேசிவிடாதீர்கள். இந்த ஊரின் கடினமான மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையும். வடகிழக்கு மழை கொட்டும், மேல்காற்று இருக்காது, மேகம் அசையாமல் நிற்கும். ஒழுகும் சுவர் அப்போது தன்னைக் காட்டிவிடும். வானிலைத் துறையின் மாதவாரி சராசரி அட்டவணையைப் பார்க்கும்போதும் ஆண்டு மொத்த மழையை விட்டுவிட்டு, மழை நாட்களின் எண்ணிக்கையையும் மாலை 5.30 ஈரப்பதத்தையும் பார். 2.5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அவர்கள் மழை நாளாகச் சேர்ப்பதில்லை. நம் பொடிச் சாரல் பல நாள் அந்தக் கணக்கிலேயே வராது.

அண்ணனுக்கு இழுப்பு எந்தெந்த மாதம் கூடுகிறது என்று போன வருஷத்து மருந்துச் சீட்டைப் பார்த்து எழுது. மழை மாதங்களில் கூடுகிறது என்றால் பலமனேர், மார்கழிக் குளிரில் கூடினாலோ புழுதிக் கோடையில் கூடினாலோ இலஞ்சி. இலஞ்சியில் வாடகைக்கு ஒரு ஓட்டு வீடு, தெற்குப் பார்த்த வாசல், புரட்டாசியில் காலியாகிறது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதத்துக்குப் பேசி வைக்கட்டுமா?

அன்புடன்,
கோமதி