பாஸ்கருக்கு: விண்டோஸா, லினக்ஸா என்று கேட்டாயே

அன்புள்ள பாஸ்கர்,

நீ எழுதிக் கேட்டது பொங்கலுக்கு முன்னால். இப்போது ஆடி பிறந்துவிட்டது. திட்டு, ஆனால் முழுதும் படித்துவிட்டுத் திட்டு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னவள் பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டாள். குண்டு ரவி மறுபடியும் வேலையை விட்டுவிட்டான். வளர்மதி அக்கா அந்த டிபன் கேரியரை இன்னும் மறக்கவில்லை, அதை நீயே பேசித் தீர்த்துக்கொள். குசலம் அவ்வளவுதான்.

புது மெஷினில் விண்டோஸையே வைத்துக்கொள்ளலாமா, லினக்ஸுக்கு மாறலாமா, சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர்களை ஆராய்ச்சிக் கணக்குக்குக் கடன் கொடுக்கும் நம் பாயிங்க் நிரல் எதில் வேகமாக ஓடும் என்று கேட்டிருந்தாய். அப்போதே பதில் போட்டிருந்தால் "லினக்ஸ்தான், இதில் என்ன கேள்வி" என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். நல்லவேளை போடவில்லை. நடுவில் எனக்கு ஒரு லேபே கிடைத்துவிட்டது மக்கா!

எங்கள் பாலிடெக்னிக்கில் இரண்டாவது லேபை ஓரங்கட்டிவிட்டார்கள். எல்லாமே ஐ5-6500, நாலு கோர், எட்டு ஜிபி ராம், ஒரே நாளில் ஒரே லாரியில் வந்து இறங்கியவை. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், இவையோ ஆறு. ஏலத்துக்குப் போகும்வரை சும்மாதானே கிடக்கிறது, எனக்குக் கொடுங்கள் என்று பிரின்சிபாலிடம் கேட்டேன். கையெழுத்தும் சீலும் வைத்துத்தான் அனுமதி வாங்கினேன். சிரிக்காதே. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டெக்னிக்கல் காலேஜ் ஒன்றின் கணினி நிர்வாகி இப்படித்தான் கேட்காமல் கொள்ளாமல், பாயிங்க் மாதிரியே கணக்கைப் பலருக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டட்.நெட் நிரலைக் காலேஜ் மெஷின்களில் போட்டு ஓடவிட்டார். கிரிமினல் வழக்கே போட்டுவிட்டார்கள். 2002-ல் சமரசமாகி, ஒரு வருட நன்னடத்தைக் கண்காணிப்பும் 2,100 டாலரும் என்று முடிந்தது. அந்தக் கதையைச் சொல்லித்தான் பிரின்சிபாலிடமே கையெழுத்து வாங்கினேன். மனிதர் கொஞ்சம் பயந்துபோய்ப் போட்டார் என்று நினைக்கிறேன்.

ஒரு பாதி மெஷினில் இருந்த விண்டோஸ் 10-ஐ அப்படியே விட்டு, காலேஜ் நெட்வொர்க்கிலிருந்து பிரித்துத் தனியாக வைத்தேன். மறுபாதியில் டெபியன் என்ற லினக்ஸ். அதே சிப், அதே ராம், அதே தூசி. இப்படி ஒரு ஒப்பீடு செய்ய நாம் காலேஜ் காலத்திலிருந்து ஆசைப்பட்டிருக்கிறோம். அப்போது நம்மிடம் இருந்தது அரை மெஷின், மீதி அரை உன் அண்ணனுடையது.

முதலில் பாயிங்க்கின் சொந்த பெஞ்ச்மார்க்கை ஓட்டினேன். உனக்குத் தெரியாததா, தசமக் கணக்குக்கு வெட்ஸ்டோன், முழு எண்ணுக்கு ட்ரைஸ்டோன். விண்டோஸ் வரிசையும் லினக்ஸ் வரிசையும் வேறு வேறு எண் காட்டின. மெஷின் ஒன்றேதான் என்னும்போது இது எதை அளக்கிறது? பெரும்பாலும் நம் மெஷினில் ஓடும் அந்த பாயிங்க் நிரலை எந்த கம்பைலர் (நிரலை மெஷின் மொழிக்கு மாற்றும் கருவி) எந்த ஆப்டிமைசேஷனோடு செய்தது என்பதை. இதற்காகத்தான் ஒரு காலத்தில் நீ ராத்திரி பன்னிரண்டு மணிக்கு போன் போட்டுப் புலம்புவாய். பெஞ்ச்மார்க்கையும் ஓடிய நேரத்தையும் பெருக்கித்தான் அன்றைக்கு கிரெடிட், அதாவது செய்த வேலைக்கான புள்ளி, கேட்பார்கள். பெஞ்ச்மார்க் குறைவாகக் காட்டுகிற லினக்ஸ்காரனுக்கு அதே வேலைக்குக் குறைந்த கூலி. 1,000 மெகாஃப்ளாப்ஸ் (விநாடிக்கு நூறு கோடி தசமக் கணக்கு) மெஷின் ஒருநாள் முழுக்க ஓடினால் 200 கிரெடிட், அதற்கு வேற்றுக்கிரகவாசிகளைத் தேடிய செட்டி@ஹோமின் ஜெஃப் காப் பெயரில் காபிள்ஸ்டோன் என்று பெயர், இதையெல்லாம் நீ எனக்கு மனப்பாடம் செய்வித்தாய். கிரெடிட் கணக்கிடும் முறையைப் பிற்பாடு மாற்றினார்கள். உன் புலம்பல் மட்டும் பழைய முறையிலேயே தொடர்ந்தது.

அந்த எண்ணைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, நிஜ வேலையைப் பார்த்தேன். இரண்டு வரிசையிலும் பல்சர் நட்சத்திரம் தேடும் ஐன்ஸ்டைன்@ஹோம் ப்ராஜெக்ட். மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. லினக்ஸ் கொஞ்சம் முன்னால், அதுவும் சில டாஸ்க்கில்தான். யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இந்த மாதிரி நிரல், தரவை ஒருமுறை வாசித்துவிட்டு மணிக்கணக்கில் ப்ராசசருக்குள்ளேயே பெருக்கிக் கூட்டிக்கொண்டிருக்கும். எப்போதாவது செக்பாயின்ட் (அதுவரை செய்ததன் பதிவு) எழுத மட்டும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலைக் கூப்பிடும். நடுவில் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு என்ன வேலை இருக்கிறது? வித்தியாசம் வருவது பெரும்பாலும் கம்பைலராலும் கணித லைப்ரரியாலும்தான். விண்டோஸில் நான் கவனித்தது, சிபியு நேரத்துக்கும் கடிகார நேரத்துக்கும் நடுவில் விழும் இடைவெளி. ஆன்டிவைரஸ், தேடலுக்கான இன்டெக்சிங் என்று யாராவது ஒருவர் குறுக்கே வந்துவிடுகிறார். அவற்றை அடக்கியபின் இடைவெளி பெருமளவு போய்விட்டது.

அப்படியானால் மாத முடிவில் விண்டோஸ் வரிசை ஏன் அவ்வளவு பின்தங்கியது? இதுதான் உனக்கு எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றிய விஷயம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூட்டிவிட்டுப் போகிறேன். ராத்திரி கரண்ட் போய் வருகிறது. எங்கள் யுபிஎஸ் பேட்டரியைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகும்படி பயாஸில் எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறேன், எல்லாம் ஆன் ஆகின்றன. டெபியனில் பாயிங்க் ஒரு சர்வீஸ், பின்னணியில் தானே ஓடும் நிரல். யாரும் லாகின் செய்ய வேண்டாம், பூட் ஆனதும் விட்ட செக்பாயின்ட்டிலிருந்து வேலையைத் தொடங்கிவிடும். விண்டோஸில் வழக்கமான முறையில் நிறுவினால் ஒருவர் லாகின் செய்த பிறகுதான் பாயிங்க் எழுந்திருக்கும். திங்கட்கிழமை காலையில் கதவைத் திறக்கிறேன், ஒரு வரிசை பூராவும் பாஸ்வேர்ட் கேட்டபடி நிற்கிறது. சனி, ஞாயிறு இரண்டும் கோவிந்தா! அப்டேட் முடிந்து தானே ரீஸ்டார்ட் ஆனாலும் இதே கதிதான். கோருக்குக் கோர் பார்த்தால் கையளவு வித்தியாசம், மாதக் கணக்கில் பார்த்தால் இவ்வளவு ஓட்டை.

இதற்கு மருந்து இருக்கிறது. விண்டோஸிலும் நிறுவும்போதே சர்வீஸாக ஓடு என்று தேர்வு செய்யலாம். லேப் மெஷினில் கிராபிக்ஸ் கார்டு கிடையாது, அதனால் எனக்குப் பிரச்சினை இல்லை, மாற்றிவிட்டேன். உனக்கு இருக்கிறது. விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் சர்வீஸ்களைத் தனி செஷனில் பிரித்து வைக்கிறது, அங்கிருந்து ஜிபியு கைக்கு எட்டாது. ஜிபியு வேண்டுமானால் லாகின் வேண்டும், லாகின் வேண்டாமென்றால் ஜிபியு இல்லை.

உன் மெஷினைப் பற்றி இன்னொன்று. நீ வாங்கியிருப்பது இரண்டு வகை கோர் உள்ள இன்டெல், பெரிய கோர் கொஞ்சம், சின்ன கோர் கொஞ்சம். பாயிங்க் தன் டாஸ்க்குகளைக் கடைசி முன்னுரிமையில்தான் ஓட்டும். நம் வேலைக்கு இடைஞ்சல் வரக்கூடாதே என்ற நல்லெண்ணம். விண்டோஸ் 11 அதைப் பார்த்துவிட்டு, ஓ இது முக்கியமில்லாத வேலை போலிருக்கிறது என்று சின்ன கோர்களில் அடைத்துவிடுவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். பெரிய கோர் கைகட்டி நிற்கும். காசு கொடுத்து வாங்கியது எதற்கு? டாஸ்க் மேனேஜரில் கோர்வாரியாகப் பார். அப்படி இருந்தால் பாயிங்க்கின் அமைப்புகள் உள்ள சிசி கான்ஃபிக் கோப்பில் டாஸ்க்கின் முன்னுரிமையை மாற்றாதே என்று ஒரு வரி சேர்க்கலாம், எப்படி என்று போனில் சொல்கிறேன்.

லினக்ஸ் நிஜமாகவே ஓங்கி நிற்கும் இடமும் இருக்கிறது, செர்ன் துகள் இயற்பியல் மையத்தின் எல்ஹெச்சி@ஹோம். அதன் அட்லஸ் டாஸ்க்குகளுக்கு விண்டோஸில், மெஷினுக்குள் இன்னொரு மெஷினை உண்டாக்கும் வர்ச்சுவல்பாக்ஸ் வேண்டும். செர்ன் தயாரித்த ஒரு முழு லினக்ஸ் உள்ளே பூட் ஆகி, அதற்குள் வேலை நடக்கும். எட்டு ஜிபி ராமில் இப்படி இன்னொரு மெஷினைக் குடிவைத்தால் என்ன மிஞ்சும்? லினக்ஸில் செர்ன் மென்பொருளை நெட் வழியாகத் தரும் செர்ன் விஎம் எஃப்எஸ்ஸையும், நிரலைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் ஆப்டெய்னரையும் போட்டுவிட்டால் அந்த நடு மெஷினே வேண்டாம், நேரடியாக ஓடுகிறது. அமைக்கத்தான் என் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. காலநிலை மாடல்களை ஓட்டும் கிளைமேட்பிரடிக்‌ஷனில் வேகம் என்ற பேச்சே எழவில்லை. ஓபன்ஐஎஃப்எஸ் மாடல் லினக்ஸுக்குத்தான் வரும், வேறு சில மாடல் விண்டோஸுக்குத்தான் வரும். உனக்கு வேலை வருமா என்பதே முதல் கேள்வி.

நீ லினக்ஸ் கட்சிக்காரனாக இன்னும் குதிக்கும் முன்னால் இதையும் கேள். நம் ஆட்கள் புதிதாகப் போடும் டிஸ்ட்ரோவில் (லினக்ஸ் தொகுப்பில்) திரையையும் கீபோர்டையும் கையாள வேலண்ட் வருகிறது. தனி யூசராக ஓடும் பாயிங்க்குக்கு நீ கீபோர்டில் தட்டுவதே தெரியாது. "ஆள் இல்லாதபோது மட்டும் ஓடு" என்று வைத்துவிட்டு, ஆள் இருக்கும்போதும் ஏன் விசிறி கத்துகிறது என்று எனக்கு போன் போடாதே. விண்டோஸ் இந்த ஒரு விஷயத்தில் ஒழுங்காக இருக்கிறது.

ராத்திரியில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தபோது என்னைப் பிடித்துக்கொண்ட விஷயம் வேகத்தைப் பற்றியதே இல்லை. ஒரே வேலையைக் குறைந்தது இரண்டு மெஷினுக்குக் கொடுத்து, விடை ஒத்துப்போனால்தான் ஏற்பது பல ப்ராஜெக்ட்டில் வழக்கம். ஆனால் ஒரே நிரல் விண்டோஸிலும் லினக்ஸிலும் சில சமயம் ஒரே விடையைத் தராது! ஒரு சைன், ஒரு எக்ஸ்பொனென்ஷியல், அதன் கடைசி பிட்டில் இந்த லைப்ரரிக்கும் அந்த லைப்ரரிக்கும் இம்மியளவு வேறுபாடு. காலநிலை மாடலிலோ மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிடும் நிரலிலோ அந்த இம்மி வளர்ந்து வளர்ந்து வேறு விடையாகிவிடும். அதனால் பாயிங்க்கில் ஓர் ஏற்பாடு உண்டு: ஒரு வேலையின் பிரதிகளை ஒரே வகைச் சிப், ஒரே ஆப்பரேட்டிங் சிஸ்டம் உள்ளவர்களுக்கு மட்டுமே அனுப்பலாம். விண்டோஸ்காரன் விடையை விண்டோஸ்காரன்தான் சரிபார்ப்பான். இரண்டு பக்கமும் சரிதான், ஆனால் ஒருவரோடு ஒருவர் ஒப்பிட முடியாது. எது உண்மையான விடை என்று பெருமாள் சாரிடம் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பார்.

சாரைப் போய்ப் பார்த்தேன் பாஸ்கர். என்னை அடையாளம் தெரியவில்லை. யாரோ வந்திருக்கிறார் என்று மரியாதையாக எழுந்து உட்காரச் சொன்னார். கணினி தசம எண்ணை வைக்கும் மிதவைப் புள்ளி முறையை போர்டில் விரலால் தேய்த்துத் தேய்த்துச் சொல்லிக்கொடுத்தவர். வெளியே வந்து வண்டியை எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று. புரதங்கள் மடிவதைக் கணக்கிடும் ஃபோல்டிங்@ஹோம் ப்ராஜெக்ட் நெடுங்காலமாக அல்சைமர் புரதத்தைத் துருவிக்கொண்டிருக்கிறது. இதனால் சாருக்கு எதுவும் ஆகப்போவதில்லை, எனக்கும் தெரியும். ஆனாலும் மறுநாள் ஒரு வரிசையை அதற்குத் திருப்பிவிட்டேன். லினக்ஸ் வரிசையைத்தான். அங்கே சீக்கிரம் திருப்பிக் கொடுத்தால் பாயின்ட் கூடும், நடுவில் நின்றுபோகும் மெஷின் ஆகாது. ஊருக்கு வரும்போது நீயும் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிடு.

எல்லாம் எதற்கு என்று வீட்டில் கேட்கிறாள். 2010-ல் ஐன்ஸ்டைன்@ஹோம் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியின் தரவிலிருந்து ஒரு பல்சரைப் பிடித்ததே, அதைச் சொன்னேன். அந்த வேலைத்துண்டு போய்ச் சேர்ந்தது அயோவாவில் ஒரு தம்பதியின் கம்ப்யூட்டருக்கும் ஜெர்மனியின் மைன்ஸில் ஒருவர் கம்ப்யூட்டருக்கும். இரண்டு விடையும் ஒத்துப்போனது, நட்சத்திரம் கிடைத்தது. "உங்களுக்கு என்ன கிடைத்தது?" என்றாள். உன் வேற்றுக்கிரக மாமா பற்றி வாயே திறக்கவில்லை. 1999 மே 17-ல் செட்டி@ஹோம் தொடங்கியது, 2020 மார்ச் 31-ஓடு புது வேலை அனுப்புவதை நிறுத்தியது. இருபது வருஷத்துக்கு மேல் காத்திருந்தும் மாமா ஒரு மிஸ்டு கால்கூடக் கொடுக்கவில்லை.

வீட்டுக்காரி கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஒரு மெஷின் நூறு வாட் இழுத்தால் நாளைக்கு 2.4 யூனிட், இரண்டு மாத பில்லில் 144 யூனிட். காலேஜ் கணக்கில் போகிறது என்றாலும் கரண்ட் கரண்ட்தான். அதனால் நான் இப்போது பார்ப்பது மணிக்கு எத்தனை டாஸ்க் என்பதை விட, யூனிட்டுக்கு எத்தனை டாஸ்க் என்பதை. அதில் விண்டோஸும் லினக்ஸும் தோற்றுப்போன ஒரு போட்டி நடந்தது. மே மாத வெயிலில் ஏசி இல்லாத அறையில் எல்லாம் சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டன. ப்ளோயரால் தூசியை ஊதி, ஹீட்சிங்க்குக்குப் புது பேஸ்ட் தடவினேன். அது கொடுத்த லாபம் டெபியன் கொடுத்ததை விட அதிகம். இன்னொன்று: பாயிங்க்கில் "சிபியு நேரத்தில் இத்தனை சதவீதம்" என்ற அமைப்பைத் தொடாதே, அது டாஸ்க்கை நிறுத்தி நிறுத்தி ஓட்டும். சூடு குறைய வேண்டுமானால் கோர் எண்ணிக்கையைக் குறை.

ஆக, உன் மெஷினுக்கு என் யோசனை: விண்டோஸில் பிள்ளைகளின் கேமும் ஆபீஸும் இருக்கட்டும். சின்ன எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி அதில் டெபியனைப் போடு, ராத்திரி அதில் ஓடட்டும். ரீபூட் செய்யச் சோம்பேறித்தனமாக இருந்தால் (உனக்கு இருக்கும்) விண்டோஸிலேயே விடு, கோரையும் லாகினையும் மட்டும் கவனி. அதற்காகக் கட்சி மாறிவிட்டாய் என்று யாரிடமும் சொல்லமாட்டேன், ரவியைத் தவிர.

உன்னிடம் பிளக்கில் சொருகி வாட் அளக்கும் மீட்டர் இருக்கிறதல்லவா? ஆவணி முகூர்த்தத்துக்கு வரும்போது கொண்டு வா. ஏலத் தேதி எப்போது வருமென்று தெரியவில்லை, அதற்குள் இரண்டு வரிசையையும் அளந்துவிட வேண்டும். வரும்போது டிபன் கேரியரும்.

உன்,
செந்தில்