பெல்ட் மாற்றினால் மட்டும் போதாது: ஃபேமிகாம் டிஸ்க் டிரைவ் குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், விற்பனை மற்றும் சர்வீஸ் பிரிவு

பொருள்: ‘சர்வீஸ் செய்தது’ என்று விற்ற டிரைவ் இயங்காதது பற்றி

ஐயா,

வணக்கம். உங்களிடம் வாங்கிய ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டத்தின் (நிண்டெண்டோவின் ஃபேமிகாம் வீடியோ கேம் கருவியில் டிஸ்க் கார்டு ஆட்டங்களை ஓட்டும் துணைக்கருவி) டிரைவ் எந்த டிஸ்க் கார்டையும் முழுதாகப் படிக்கவில்லை. ‘புது பெல்ட் போட்டு, சோதித்தது’ என்று விளம்பரத்தில் இருந்தது. பெல்ட் புதிதுதான், மற்ற வேலை எதுவும் நடக்கவில்லை.

டிரைவை ஃபேமிகாமுடன் இணைக்கும் ராம் அடாப்டரில் கோளாறில்லை. வேறொரு டிரைவில் மாட்டினால் இதே ஐந்து அசல் கார்டுகளும் லோடு ஆகின்றன. ஆறு புது சி சைஸ் பேட்டரி போட்டாயிற்று. மின்சாரம் போதாவிட்டால் வரும் எர்ரர் 2 ஒருமுறைகூட வரவில்லை. மோட்டார் சுற்றுகிறது, கார்டைப் படிக்கும் ஹெட் நகர்கிறது, உடனே எர்ரர் 22 வருகிறது; கார்டின் தொடக்கப் பகுதியையே அடையாளம் காண முடியவில்லை என்று பொருள். சில கார்டுகள் பாதி லோடு ஆகி எர்ரர் 27-இல் நிற்கின்றன.

திறந்து பார்த்தால், உருகிய பழைய பெல்ட்டின் கறுப்புப் பிசின் மோட்டார் புல்லியின் பள்ளத்தில் அப்படியே இருக்கிறது. நகத்தால் சுரண்டினால் தார் மாதிரி இழுபடுகிறது. அதன் மேலேயே புது பெல்ட்டை மாட்டியிருக்கிறீர்கள். பெல்ட் வழுக்கினால் வேகம் ஏறி இறங்கும், படித்த தரவு சிஆர்சி சோதனையில் (தரவு பிழையின்றி வந்ததா என்று பார்க்கும் கணக்கு) தேறாது. எர்ரர் 27-க்குப் பொருள் அதுதான்.

இதைவிடப் பெரிய தவறு, டிஸ்க்கைச் சுழற்றும் அச்சான ஸ்பிண்டிலில் நடந்திருக்கிறது. சாதாரண ஃப்ளாப்பியில் தனித்தனி வட்டத் தடங்கள் இருக்கும். இந்தக் கார்டில் வெளியிலிருந்து உள்ளே சுருண்டு போகும் ஒரே தடம். ஹெட் அதை ஒரே ஓட்டத்தில் படிக்கிறது. ஸ்பிண்டில் தலை கொஞ்சம் திரும்பி நின்றாலும் ஹெட் தொடங்கும் இடம் பிசகிவிடும். அதன் சிறு அறுகோணத் திருகில் புதுக் கீறல் தெரிகிறது. யாரோ தளர்த்திவிட்டு, கார்டு போட்டுச் சரிபார்க்காமல் கண்ணளவில் முறுக்கியிருக்கிறார்.

செல்டா போன்ற ஆட்டங்கள் சேமிப்பைக் கார்டிலேயே எழுதும். ஹெட் பிசகிய டிரைவ் எழுதினால் நல்ல கார்டும் கெட்டுப்போகும். நிண்டெண்டோ கார்டில் ஆட்டம் எழுதித் தருவதை 2003-இலும் பழுதுபார்ப்பை 2007-இலும் நிறுத்திவிட்டது; கெட்டதை யாரிடம் கொண்டுபோவது? அதனால் இதில் இனி எந்த அசல் கார்டும் போடப் போவதில்லை.

புல்லியையும், பெல்ட் சுழற்றும் பெரிய சக்கரமான ஃப்ளைவீலையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் பிசின் போகத் துடைத்து, வேறு பெல்ட் போட்டு, ஸ்பிண்டிலைச் சரியான கோணத்தில் பொருத்தித் தாருங்கள். குறைந்தது மூன்று அசல் கார்டுகளை ஏ, பி இரு பக்கமும் லோடு செய்த வீடியோவும் வேண்டும். 15 நாளில் முடியாதென்றால் முழுப் பணத்தையும் இருவழிக் கூரியர் செலவையும் திருப்பித் தாருங்கள்.

இணைப்பு: ரசீது நகல், புல்லி மற்றும் திருகின் படங்கள்.

இப்படிக்கு,
ரசீதில் உள்ள வாடிக்கையாளர்