பழைய ஆர்.பி.ஜி. ஆட்டங்களில் பாதி, திரைக்கு வெளியே இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வீடியோ கேம் கன்சோல்களையும் கணினிகளையும் தேடிப்பிடித்து மீண்டும் ஆடுவோரைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். செய்திகள் கோவையாகத் தொகுக்கப்பட்டிருந்தன. ஆயினும் இந்த ஆர்வம் முழுவதையும் 'இளமைக்கால ஏக்கம்' என்ற ஒரே சொல்லில் கட்டுரையாளர் அடக்கிவிட்டதை, குறைந்தபட்சம் ஆர்.பி.ஜி. எனப்படும் ரோல் பிளேயிங் கேம்களை, அதாவது கதாபாத்திரங்களை ஏற்று வளர்த்துக்கொண்டே கதைக்குள் பயணம் செய்யும் ஆட்டங்களைப் பொறுத்தவரை, என்னால் ஏற்க முடியவில்லை. கடந்த சில ஆண்டுகளில் நான் ஆடி முடித்த பழைய ஆர்.பி.ஜி.களில் பெரும்பாலானவற்றைச் சிறுவயதில் நான் கண்ணால்கூடக் கண்டதில்லை. காணாத ஒன்றுக்காக ஏங்குவது எப்படி?

இவற்றைத் தேடிப் போவதற்குக் காரணம் வேறு. அந்த ஆட்டங்களில் பாதிதான் திரையில் நடந்தது. மீதிப் பாதி கட்டம் போட்ட தாளிலும், கையேட்டிலும், ஆடுபவரின் நினைவிலும் நடந்தது. இன்றைய வசதிகளோடு ஆடும்போது அந்த மீதிப் பாதி நம்மை அறியாமலே கழன்று விழுந்துவிடுகிறது. கட்டுரை தொடாமல் விட்ட இடம் இதுதான்.

ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் உட்ஹெட் ஆகிய இருவர் உருவாக்கி, 1981-இல் ஆப்பிள் II கணினிக்கு வெளிவந்த 'விசார்ட்ரி'யை எடுத்துக்கொள்வோம். ஆறு பேர் கொண்ட குழு ஒன்றைச் சேர்த்துக்கொண்டு பத்துத் தளங்கள் உள்ள நிலவறைக்குள் இறங்க வேண்டும். ஒவ்வொரு தளமும் 20-க்கு 20 கட்டங்கள். சுவர்கள் வெறும் கோடுகளாகத் தெரியுமே தவிர, வரைபடம் என்று ஒன்று திரையில் கிடையாது. ஒவ்வோர் அடியையும் தாளில் நாமே குறித்துக்கொண்டு போனால்தான் திரும்பி வர வழி தெரியும். அதிலும், நமக்குத் தெரியாமலே முகத்தை வேறு திசைக்குத் திருப்பிவிடும் கட்டங்களும், வேறோர் இடத்துக்குத் தூக்கிப்போடும் கட்டங்களும், ஒளி எடுபடாத இருட்டுப் பகுதிகளும் உண்டு. எங்கே நிற்கிறோம் என்று அறிய 'டுமாபிக்' என்ற மந்திரத்தைச் சொல்ல வேண்டும். அதன் பெயரைக் கையேட்டில் பார்த்து எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்ய வேண்டும். குழு முழுவதும் மாண்டுபோனால் அந்தச் சாவு உடனே நெகிழ்வட்டில் பதிவாகிவிடும். பிறகு வேறொரு குழுவைத் திரட்டி, அதைப் பழக்கி, அதே நிலவறைக்குள் அனுப்பிச் சடலங்களை மீட்டு வர வேண்டும்.

இந்த ஆட்டத்தை முதலில் நான், இன்றைய கணினியைப் பழைய கருவி போலவே இயங்கவைக்கும் 'எமுலேட்டர்' என்ற மென்பொருளில்தான் ஆடினேன். எந்த நொடியிலும் நிலையைச் சேமித்துவைத்து, வேண்டும்போது அதே நொடிக்குத் திரும்பும் வசதி அதில் உண்டு. நினைத்தது நடக்காதபோதெல்லாம் பின்னோக்கிப் போனேன். வேறொருவர் வரைந்த வரைபடத்தைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டேன். இரண்டே மாலைகளில் நான்கு தளங்களைக் கடந்தேன். அந்த நான்கு தளங்களில் ஒன்றுகூட இன்று நினைவில் இல்லை. பிறகு வெட்கப்பட்டு, தாளும் பென்சிலுமாக முதலிலிருந்து தொடங்கினேன். முதல் தளத்தின் வடமேற்கு மூலையில் என் வரைபடம் தன்னைத்தானே வெட்டிக்கொண்டு நின்றபோது, எந்த இடத்தில் ஏமாந்தேன் என்று பின்னோக்கி எண்ணிப் பார்த்த அரை மணி நேரம்தான் உண்மையில் 'விசார்ட்ரி'. இதை ஏக்கம் என்று எப்படிச் சொல்வது?

ரிச்சர்ட் காரியட்டின் 'அல்டிமா IV' (1985) இன்னொரு விதம். வீழ்த்துவதற்கு ஒரு பெரிய வில்லன் இல்லாத ஆட்டம் அது; நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்னும் எட்டுப் பண்புகளில் ஆடுபவர் தேற வேண்டும். மந்திரத்துக்கான மூலப்பொருள்களை விற்கும் பெண்ணுக்குக் கண் தெரியாது. எவ்வளவு தருகிறோம் என்பதை நாமே தட்டச்சு செய்ய வேண்டும். குறைத்துக் கொடுத்தாலும் அவள் வாங்கிக்கொள்வாள். அதைக் கண்டிக்கும் அறிவிப்பு எதுவும் திரையில் வராது. உள்ளே கணக்கில் மட்டும் நம் நேர்மை குறைந்துபோகும். அதே போல, ஊராரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதையும் சொல் சொல்லாக நாமே தட்ட வேண்டும் என்பதால், ஒருவர் வாயில் வந்த பெயரை நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்காதவர் அடுத்த ஊரில் ஊமையாகத்தான் நிற்பார். விடைகளை முன்கூட்டியே படித்துவிட்டு ஆடுகிறவருக்கு எஞ்சுவது, வண்ணக் கட்டங்கள் நகரும் ஒரு பழைய திரை மட்டுமே.

1988-இல் வந்த 'வேஸ்ட்லேண்ட்' இன்னும் ஒரு படி மேலே போய், கதையின் பத்திகளை அச்சடித்த புத்தகமாகவே பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தது. இத்தனையாவது பத்தியைப் படி என்று திரை சொல்லும்; நாம் புரட்டிப் படிக்க வேண்டும். முன்கூட்டியே புரட்டுகிறவர்களைச் சிக்கவைக்க, நடக்கவே நடக்காத சம்பவங்களையும் அதில் கலந்து அச்சடித்திருந்தார்கள். (இந்தக் குறும்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.)

எல்லாத் தொல்லையும் புனிதம் என்று நான் வாதாடவில்லை. 1986-இல் நின்டெண்டோவின் ஜப்பானியக் கன்சோலான ஃபேமிகாமில் வந்த முதல் 'டிராகன் குவெஸ்ட்', விட்ட இடத்திலிருந்து தொடர 20 எழுத்துள்ள கடவுச்சொல் ஒன்றைக் கொடுத்தது; மறு ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் அது 52 எழுத்துகள் வரை நீண்டது. ஓரெழுத்தைத் தவறாக எழுதிக்கொண்டால் உழைப்பு வீண். அந்த வேதனையில் சிந்திக்க ஒன்றும் இல்லை. இன்று அதைத் தாண்டிப் போவதில் குற்றமும் இல்லை. பாத்திரங்களை வலுவாக்கும் அனுபவப் புள்ளிகளுக்காக ஒரே காட்டைச் சுற்றிச் சுற்றி வரும் நேரத்தை வேகப்படுத்திக்கொள்வதையும் நான் தடுக்க மாட்டேன். படம் தெளிவாக இருக்க வேண்டுமா, பழைய குழாய்த் தொலைக்காட்சியில் இருந்தபடி கலங்கித் தெரிய வேண்டுமா என்ற சண்டையில் எனக்கு அக்கறை குறைவு. முறைவைத்து ஆடும் சண்டைகளில் திரையின் சிறு தாமதம் யாரையும் தோற்கடிப்பதில்லை.

ஆனால் மூலப் பதிப்பு எங்காவது கெடாமல் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சமரசம் இல்லை. 1987-இல் வந்த முதல் 'ஃபைனல் ஃபேன்டஸி'யில் ஒரு பிழையின் காரணமாகப் பாத்திரங்களின் அறிவுத்திறன் எண் மந்திரத்தின் வலிமையைச் சிறிதும் கூட்டாது. பிற்காலப் பதிப்புகள் இதைத் திருத்திவிட்டன. திருத்தியது சரிதான், ஆனால் அன்று ஆடியவர்கள் எந்த ஆட்டத்தை ஆடினார்கள் என்பது மூலத்தில் மட்டுமே தெரியும். இவ்வகையில் டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் 2024-இல் வெளியிட்ட 'விசார்ட்ரி' மறுபதிப்பு பாராட்டுக்குரியது: புதிய காட்சிகளுக்கு அடியில் பழைய ஆப்பிள் II நிரலே ஓடுகிறது, அதன் திரையை ஓரத்தில் ஒரு சிறு சட்டத்தில் பார்க்கவும் முடிகிறது.

எல்லா ஆட்டங்களுக்கும் இந்தப் பேறு வாய்ப்பதில்லை. அமெரிக்காவில் வெளியான பழைய வீடியோ கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் விலைக்குக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. அத்தகைய ஆட்டங்களை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து பயன்படுத்த நூலகங்கள் வழிசெய்ய வேண்டும் என்ற கோரிக்கையை அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் நிராகரித்தது. அச்சில் இல்லாத நூலைப் படிக்க நூலகம் இருக்கிறது; விற்பனையில் இல்லாத ஆட்டத்துக்கு அப்படி ஒரு வாசல் திறக்கவில்லை. கட்டுரையாளர் ஏக்கத்துக்குக் கொடுத்த இடத்தில் ஒரு பத்தியையாவது இதற்குக் கொடுத்திருக்கலாம்.

நிறைவாக, கட்டுரையில் இருந்த ஒரு தகவல் பிழையைத் திருத்தி வெளியிடக் கோருகிறேன். கன்சோலில் செருகி ஆடும் ஆட்டப் பெட்டிகளான கார்ட்ரிட்ஜ்களைத் தூசு படாமல் வைத்திருந்தால் அவற்றில் சேமித்த ஆட்டம் என்றைக்கும் அழியாது என்று எழுதப்பட்டிருந்தது. அப்படியில்லை. அக்காலத்துக் கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றில் சேமிப்பு, மின்சாரம் நின்றால் எல்லாவற்றையும் மறந்துவிடும் ஒரு சிப்பில் இருக்கிறது. அதை உயிரோடு வைத்திருப்பது உள்ளே பற்றவைக்கப்பட்ட ஒரு காசு வடிவ பேட்டரி. நேரம் காட்டும் கடிகாரத்தையும் அதே பேட்டரியில் ஓட்டும் 'போகிமான் கோல்டு', 'சில்வர்' போன்றவற்றில் அது இன்னும் விரைவாகத் தீரும். பேட்டரியை மாற்றக் கழற்றும்போதும் சேமிப்பு போய்விடும் என்பதை, அறுபது மணி நேர ஆட்டம் ஒன்றை என் கையாலேயே அழித்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். இப்படிப்பட்ட கார்ட்ரிட்ஜ் வைத்திருக்கும் தங்கள் வாசகர்கள், அதை வாசிக்கும் கருவி ஒன்றின் வழியாகச் சேமிப்பை முதலில் கணினியில் படியெடுத்துவிட்டு, அதற்குப் பிறகே பற்றவைப்புக் கோலைச் சூடாக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர் ஒருவர்